காரியாலய இயந்திரங்களைப் பழுது பார்ப்போருக்கு வேண்டிய கைக்கருவிகள்



நம்மவர்கள் நடத்தும் கடைகளில் இயந்திரம் இல்லாத கடை இன்று அரிது. பணமாற்றுக் கடையில் நோட்டு எண்ணும் மெஷின் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் ரசீது அடிக்கும் மெஷின் இருக்கிறது. எழுதுபொருள் கடையில் நகல் எடுக்கும் மெஷின் இருக்கிறது. சிறிய மளிகைக் கடையிலும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்து விட்டன. இவை ஓடுகின்ற வரையில் இவற்றைப் பற்றி நாம் நினைப்பதில்லை. ஒரு நாள் நின்று விட்டாலோ, வியாபாரமே நின்று விட்டதுபோல் தவிக்கிறோம். உடனே மேசை டிராயரில் அகப்பட்ட திருப்புளியை எடுத்துக் கொண்டு நாமே பிரிக்க ஆரம்பிக்கிறோம். அல்லது யாரையேனும் அழைத்து, அவர் கொண்டு வந்த பையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பாராமல் மெஷினை ஒப்படைத்து விடுகிறோம். இரண்டும் தவறு.

இந்தப் பாடம் மூன்று வகையினருக்குப் பயன்படும். கடைப் பையன் ஒருவனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்க நினைப்பவர்கள் முதல் வகை. சிறு கோளாறுகளைத் தாமே பார்த்துக் கொள்பவர்கள் இரண்டாம் வகை. வெளியாளை அழைத்து வேலை வாங்குபவர்கள் மூன்றாம் வகை. கருவியைக் கண்டால் ஆளைக் கணிக்கலாம் என்பதால், மூன்றாம் வகையினரும் இதை அறிந்திருப்பது அவசியம்.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மத்ரஸா உஸ்தாது ஒருவர் தம் பிரிண்டரை நம் கடைக்குக் கொண்டு வந்தார். காகிதத்தை இழுக்கவில்லை என்றார். பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் அச்சிட வேண்டும், இரண்டு நாள்தான் இருக்கிறது என்றும் சொன்னார். நம் கடைப் பையன் பின்மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். நான்கு திருகாணிகளில் மூன்று வந்தன. நான்காவது வழுக்கியது. அவன் மேலும் மேலும் திருப்ப, திருகாணித் தலையிலிருந்த சிலுவைப் பள்ளம் தேய்ந்து வட்டக் குழியாகி விட்டது. பிறகு டிரில் மெஷினால் அந்தத் தலையைத் துளைத்து எடுத்தான். இரும்புத் தூள் உள்ளே மின்பலகையின் மீது சிந்தியதை அவன் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஒரு புகை வந்தது. அத்துடன் மெஷின் முடிந்தது.

உண்மையான கோளாறு என்னவென்று பின்னால் பார்த்தோம். காகிதம் இழுக்கும் கித்தா உருளையில் தூசி படிந்திருந்தது. அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தால் சரியாகியிருக்கும்; மூடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதே போன்ற வேறொரு பிரிண்டரை வாங்கி உஸ்தாதிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். பையனைக் கடிந்து கொண்டதையும் சொன்னோம். அவர் சொன்னார்: "பையனை ஏசாதீர்கள் தம்பி. அவன் கையில் நீங்கள் என்ன ஆயுதம் கொடுத்தீர்கள்?"

நாம் கொடுத்திருந்தது, முனை மழுங்கிய, அளவு தெரியாத ஒரு திருப்புளி. பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறர் நம்மை நம்பி வைத்துச் செல்லும் பொருள் அமானத் என்பதை நாம் அறிவோம். பணத்துக்கும் நகைக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று எண்ணி இருந்து விட்டோம். பழுது பார்க்க வந்த மெஷினும் அமானத்துதான். அந்த அமானத்து முதலில் கருவியிடத்தில்தான் காப்பாற்றப்படுகிறது, அல்லது கெடுகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. திருப்புளிகள்

பழைய தட்டெழுத்து மெஷின்களில் பெரும்பாலும் ஒற்றைப் பள்ளத் திருகாணிகளே இருந்தன. நாம் சிறுவனாக இருந்த காலத்தில், அஞ்சடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து டைப்ரைட்டர் பழுது பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம். ஐந்தாறு அகலங்களில் திருப்புளி வைத்திருப்பார்கள். பள்ளத்தின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியானதைத் தேர்ந்துதான் கை வைப்பார்கள். முனை குறுகினால் பள்ளத்தின் ஓரம் கிழியும். அகன்றால் பக்கத்துத் தகட்டில் கீறல் விழும். இன்றும் இந்த விதி மாறவில்லை.

சிலுவைப் பள்ளத் திருகாணி பின்னால் வந்தது. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால்தான் அதற்குப் பிலிப்ஸ் என்று பெயர். அதன் அளவுகள் 0, 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டிருக்கும். காரியாலய இயந்திரங்களில் மிகுதியாக வருவது 2-ஆம் எண். சிறிய மூடிகளுக்கும் மின்பலகைகளுக்கும் 1-ஆம் எண். கால்குலேட்டர் போன்றவற்றுக்கு 0. இந்த மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். 2-ஆம் எண் திருகாணியில் 1-ஆம் எண் திருப்புளி நன்றாக நுழையும். நுழைவதைக் கண்டு பொருந்துவதாக எண்ணி விடுகிறோம். நம் பையன் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பலர் இதை அறியார். நம் கடைகளில் இருக்கும் நகல் மெஷின்களிலும் பிரிண்டர்களிலும் பெரும்பாலானவை ஜப்பானியக் கம்பெனிகளின் தயாரிப்பு. ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தரப்படி செய்த சிலுவைப் பள்ளம், பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் அது வேறு. பிலிப்ஸ் திருப்புளியின் சிறகுகளுக்கு இடையிலுள்ள மூலைகள் சற்று வளைந்திருப்பதால், ஜப்பானியப் பள்ளத்தின் அடிவரை அது இறங்குவதில்லை. பாதியில் நின்று, திருப்பும்போது மேலே ஏறி வழுக்கி விடும். இத்தகைய திருகாணியின் தலையில், சிலுவைக்குப் பக்கத்தில், பல வேளைகளில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியைக் கண்டால் ஜப்பானியத் திருப்புளியை எடுக்க வேண்டும். ஜப்பானியத் திருப்புளி பிலிப்ஸ் திருகாணியிலும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜப்பானிய முறைத் திருப்புளியை வாங்குவது புத்திசாலித்தனம்.

சிலுவைக்கு நடுவே மேலும் நான்கு சிறு கோடுகள் இருந்தால் அது போசிடிரிவ் என்னும் வகை. ஐரோப்பிய மேசை நாற்காலிகளில் அதைக் காணலாம். அதற்கும் தனித் திருப்புளி உண்டு.

2-ஆம் எண்ணில் இரண்டு நீளம் வேண்டும். தண்டு 15 அல்லது 20 சென்டிமீட்டர் உள்ளது ஒன்று. இது நகல் மெஷினின் ஆழத்தில் இருக்கும் திருகாணியை எட்டும். கட்டை விரல் அளவில் குட்டையானது ஒன்று; இது மெஷினுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் பயன்படும். முனையில் காந்தம் ஏறியிருந்தால் திருகாணி உள்ளே விழாமல் வரும். ஆனால் நகல் மெஷினின் டெவலப்பர் பெட்டியருகே காந்தத் திருப்புளியைக் கொண்டு போகக் கூடாது. அதிலுள்ள இரும்புத் துகள் முனையில் ஒட்டிக் கொண்டு, வேண்டாத இடமெல்லாம் சிந்தும்.

திருகாணியைக் கழற்றும்போது அழுத்தம் அதிகமாகவும் திருப்பும் வேகம் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் திருகாணியைத் திரும்பப் போடும்போது, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுழற்ற வேண்டும். 'டக்' என்று ஒரு சிறு இறக்கம் கைக்குத் தெரியும். பழைய மரையில் திருகாணி உட்கார்ந்து விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு வலப்பக்கம் முறுக்கலாம். இப்படிச் செய்யாதவர்கள் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டுகிறார்கள். நான்கு தடவைக்குப் பின் துவாரம் பெரிதாகித் திருகாணி நிற்பதில்லை.

தலை தேயத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தி விட வேண்டும். சரியான அளவுத் திருப்புளியால் முயல வேண்டும். அதற்கும் வராவிட்டால், அகலமான கித்தா வளையம் ஒன்றைப் பள்ளத்தின் மேல் வைத்து, அதன் மேல் திருப்புளியை அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம். தலை வெளியே துருத்திக் கொண்டிருந்தால் குறட்டால் பிடித்துத் திருப்பலாம். டிரில் மெஷின் கடைசி வழி. அப்போதும் உட்பக்கத்தைத் துணியால் மூடித் தூளை முழுவதும் எடுத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அன்று நமக்கு யாரேனும் சொல்லியிருந்தால் ஒரு பிரிண்டரின் விலை மிச்சமாகியிருக்கும்.

2. ஆலன் சாவியும் மற்றச் சாவிகளும்

பற்சக்கரங்களையும் உருளைகளையும் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகாணிகளில் அறுகோணப் பள்ளம் இருக்கும். இதற்கு ஆலன் சாவி வேண்டும். 1.5, 2, 2.5, 3, 4, 5 மில்லிமீட்டர் ஆகிய ஆறு அளவுகள் போதும்.

நம் நாடுகள் 1970-களில் மெட்ரிக் முறைக்கு மாறின. ஆயினும் அமெரிக்கத் தயாரிப்பான பழைய இயந்திரங்களில் அங்குல அளவு இன்னும் அகப்படும். அரைக்கால் அங்குலம் என்பது 3.175 மில்லிமீட்டர். அந்தப் பள்ளத்தில் 3 மில்லிமீட்டர் சாவி நுழையும், இறுக்கிப் பிடிக்காது. பலங்கொண்டு திருப்பினால் ஆறு மூலையும் உருண்டு விடும். ஆகையால் சாவி லேசாக ஆடினாலும், வேறு அளவு என்று தெரிந்து நிறுத்த வேண்டும்.

நட்டுகளுக்கு 5.5, 7 மில்லிமீட்டர் ஆகிய இரண்டு குழல் சாவிகள் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஆறு முனை நட்சத்திரப் பள்ளம் உள்ள டோர்க்ஸ் வகைத் திருகாணியும் சில பிரிண்டர்களில் வரும். அதற்கு டி10, டி15 என்னும் இரண்டு போதுமானவை.

3. குறடு, சாவணம், கொக்கி

நீளமூக்குக் குறடு ஒன்று, ஓரவெட்டுக் குறடு ஒன்று. இவை இரண்டும் சிறிய அளவில் இருந்தால் போதும். சிக்கிய காகிதத் துண்டை எடுக்க நீளமூக்குக் குறடு உதவும். ஆனால் உருளையின் மேல் அதன் பல் படக் கூடாது. அந்த இடத்துக்குச் சாவணமே ஏற்றது. நேரான சாவணம் ஒன்று, வளைந்த சாவணம் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். காகிதத்தை எப்போதும் அது ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் கிழிந்து பாதி உள்ளே தங்கும். அல்லது பற்சக்கரம் கெடும்.

தண்டுகளின் முனையில் ஆங்கில 'ஈ' எழுத்து வடிவில் ஒரு சிறு கிளிப் இருக்கும். தண்டு நழுவாமல் பிடிப்பது அதுவே. ஒற்றைப் பள்ளத் திருப்புளியால் அதைத் தள்ளி எடுக்கலாம். தள்ளும்போது மற்றக் கையால் ஒரு துணியை மேலே போட்டுக் கொள்ள வேண்டும். இல்லாவிடில் பறந்து போய் விடும். இந்தக் கிளிப்புகளில் பல அளவுகள் கலந்த ஒரு சிறு பெட்டியை வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. தொலைந்த ஒரு கிளிப்புக்காக ஒரு மெஷின் ஒரு வாரம் கிடப்பதுண்டு.

அடுத்தது ஸ்பிரிங் கொக்கி. இது டைப்ரைட்டர் காலத்துக் கருவி. தடித்த கம்பி ஒன்றின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும்; இழுப்பதற்கு அது. இன்னொன்றின் நுனியில் சிறு வெட்டு இருக்கும், தள்ளுவதற்கு அது. எத்தனையோ ஸ்பிரிங்குகள் நிறைந்த டைப்ரைட்டரைப் பழுது பார்த்தவர்களுக்கு இது ஆறாவது விரல். நகல் மெஷினிலும் பணப் பதிவு மெஷினிலும் ஸ்பிரிங்குகள் இருக்கவே செய்கின்றன. குறட்டால் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் நீண்டு அதன் பலம் மாறி விடும். பலம் மாறினால் காகிதம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். கோளாறு எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய பையன்களில் பலர் இந்தக் கொக்கியைப் பார்த்ததே இல்லை. கொக்கியை அறிந்தவர் பையில் அது இருக்கும். மெஷினைக் கொடுக்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

இவற்றோடு சிறிய டார்ச் விளக்கு ஒன்றும், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி ஒன்றும் வேண்டும். பல்வைத்தியர் வைத்திருப்பது போன்ற கண்ணாடி அது. தெரியாத இடத்தில் கைவிடாமல், கண்ணை முதலில் அனுப்ப அது உதவும்.

4. மின்சாரமும் சோதனைக் கருவியும்

நம் நாடுகளில் சுவரில் வருவது 230 வோல்ட் மின்சாரம். மூடியைக் கழற்றும் முன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசை மேல் வைக்க வேண்டும். மின்சாரம் தரும் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பெட்டியைத் திறப்பது கற்றுத் தேர்ந்தவர் வேலை. கடைப் பையன் வேலையன்று.

மல்டிமீட்டர் ஒன்று அவசியம். மெஷின் சிறிதும் உயிரில்லாமல் கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிளக்குக்குள் இருக்கும் பியூஸ். நாம் உபயோகிக்கும் மூன்று சதுர முனைப் பிளக்கில் சிறு உருளை வடிவ பியூஸ் உண்டு. அதைக் கழற்றி எடுத்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, இரு முனையும் தொட்டால் நல்ல பியூஸ் 'கீ' என்று சத்தம் கொடுக்கும். சத்தம் இல்லையேல் பியூஸ் போய் விட்டது. பழைய பியூஸ் எத்தனை ஆம்பியரோ அதே அளவில்தான் புதியதைப் போட வேண்டும். கம்பியைச் சுற்றிச் சமாளிப்பது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். புது பியூஸும் உடனே போனால் அங்கேயே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து விட வேண்டும்.

கையில் கட்டும் மின்கசிவுப் பட்டி ஒன்றும் பையில் இருக்கட்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுரீரென்று தெரியும். மின்பலகையிலுள்ள நுண்ணிய உறுப்புகளோ அதற்கு எவ்வளவோ குறைந்த அளவிலேயே கெட்டு விடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது குறைவுதான். குளிர்சாதனம் ஓடும் அறையில், கம்பளத்தின் மேல் நின்று வேலை செய்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நகல் மெஷினில் பொடியை உருக்கிக் காகிதத்தில் ஒட்டும் பகுதி ஒன்று உண்டு. அது சுமார் 180 முதல் 200 டிகிரி செல்ஷியஸ் வரை சூடேறும். பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரமாவது ஆறவிட்ட பின்பே அதன் பக்கம் கை போகலாம்.

5. துடைக்கும் சாமான்கள்

இவற்றைக் கருவியாகப் பலர் மதிப்பதில்லை. நம் கடைகளில் நிற்கும் மெஷின்களில் பலவற்றுக்குத் திருப்புளியே வேண்டாம், துணி போதும்.

நூல் உதிராத மெல்லிய துணி, மென்மையான தூரிகை, கையால் அழுத்தி ஊதும் கித்தாப் பந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சிறு புட்டி ஆகிய நான்கும் வேண்டும். காகிதம் இழுக்கும் கித்தா உருளையைச் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். ரசீது மெஷினின் சூட்டு முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். கத்தியாலோ நகத்தாலோ சுரண்டக் கூடாது. நோட்டு எண்ணும் மெஷினில் நோட்டுகளின் தூசி மின்கண்களை மறைத்து விடும். அதனால் எண்ணிக்கை தவறும். நல்ல நோட்டையும் கள்ள நோட்டு என்று சொல்லும். பணமாற்று வியாபாரிகள் கடை அடைக்கும் முன் தினமும் ஒரு முறை தூரிகையால் துடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

நகல் மெஷினில் ஒரு சோதனை சொல்கிறோம். மேலே காகிதக் கட்டை வைத்துத் தானாக இழுக்கவிட்டு நகல் எடுத்தால் நீளமாக ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. அதே தாளைக் கண்ணாடி மேல் வைத்து எடுத்தால் கோடு இல்லை. இப்படியானால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விரல் அகலக் கண்ணாடிப் பட்டையில் ஏதோ ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது என்று பொருள். திருத்தும் வெள்ளை மையின் துளியாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் கோடு மறைந்து விடும். இந்தப் பொட்டுக்காக உறுப்பு மாற்ற வேண்டும் என்று சொல்லி நம்மிடம் பணம் வாங்கிச் சென்றவரும் உண்டு. அறியாமைக்கு நாம் கொடுத்த வரி என்று நினைத்து ஆறுதல் அடைந்தோம்.

கறுப்புப் பொடி சிந்தினால் வீட்டுக் குப்பை உறிஞ்சும் மெஷினை உபயோகிக்கக் கூடாது. அந்தப் பொடி மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள். சாதாரண வடிகட்டியில் புகுந்து மறுபக்கம் வெளியேறி அறையெங்கும் பரவும். மெஷினின் மோட்டாரிலும் படியும். இதற்கென்று நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சி உண்டு. துணியில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் பொடி உருகி ஒட்டிக் கொள்ளும். பளபளவென்று இருக்கும் டிரம் உருளையைக் கையால் தொடக் கூடாது. வெளியே எடுத்தால் கறுப்புத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். வெளிச்சம் அதற்கு ஆகாது.

6. பையில் இருக்கக் கூடாதவை

சுத்தியல் வேண்டாம். வாய் விரியும் பெரிய ஸ்பானர் வேண்டாம். பேனாக்கத்தியைத் திருப்புளியாக உபயோகிக்க வேண்டாம். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் டப்பா வேண்டவே வேண்டாம். சத்தம் போடுகிற மெஷினுக்கு எண்ணெய் அடித்தால் சத்தம் நிற்கும் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணெய் கித்தா உருளையில் பட்டால் காகிதம் வழுக்கும். நாளடைவில் கித்தாவும் ஊதிக் கெடும். பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்கென்று தனிக் கிரீஸ் உண்டு. அதுவும் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் தேவையில்லை.

7. வாங்கும் முறையும் வைக்கும் முறையும்

நூறு துண்டுகள் அடங்கிய பெட்டியை மலிவாக விற்பார்கள். அதில் தொண்ணூறு நமக்குத் தேவைப்படாது. தேவையான பத்தும் இரண்டு மாதத்தில் மழுங்கும். அதே பணத்துக்குத் தேர்ந்த நான்கு திருப்புளிகளை வாங்குவது மேல். கோலாலம்பூரில் ஜாலான் பசார் பக்கமும், சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் இத்தகைய கருவிகள் விற்கும் கடைகள் உண்டு. வாங்கப் போகும்போது, நம் மெஷினிலிருந்து கழற்றிய ஒரு திருகாணியைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். காந்தமில்லாத திருப்புளியின் முனையில் அதைச் செருகிப் படுக்கையாகப் பிடியுங்கள். பொருத்தமான முனையில் அது ஆடாமல் நிற்கும். பொருந்தாததில் தலை தொங்கும் அல்லது விழுந்து விடும். தண்டில் அளவு பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தன் அளவைச் சொல்லாத கருவியை வாங்காதீர்கள். அளவில் குறைத்து மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் தனி ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. தராசில் பேண வேண்டிய நேர்மையைத் திருப்புளியிலும் பேணுவோமாக.

கருவிகளை ஒன்றாகப் போட்டுக் குலுக்கும் பை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி அறை தைத்த துணிச் சுருள் நல்லது. விரித்தால் எது இல்லை என்பது உடனே தெரியும். வேலை ஆரம்பிக்கும் முன் எண்ண வேண்டும். மூடியைப் போடும் முன் மீண்டும் எண்ண வேண்டும். கல்லாவை எண்ணாமல் கடை அடைப்போமா? கருவியை எண்ணாமல் மெஷினை மூடுவதும் அப்படித்தான். உள்ளே தங்கிய ஒரு சாவணம் ஒரு மெஷினைக் கொல்லும். கழற்றிய திருகாணிகளை எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அந்த வரிசைப்படி ஒரு தட்டில் வைக்க வேண்டும். நீளத் திருகாணியைக் குட்டைத் துவாரத்தில் போட்டால் அது உள்ளே போய் மின்பலகையைக் குத்தும். இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது; கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்வது மறதிக்கு மருந்து.

முடிவாக

நபி தாவூது அலைஹிஸ்ஸலாம் அவர்கள் இரும்பைக் கையாண்டு கவசம் செய்தவர்கள் என்று மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். கைத்தொழில் இழிவன்று. படிப்பு ஏறவில்லை என்று சொல்லி நம் பிள்ளைகளைக் கடை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்களில் கைநுட்பம் உள்ளவன் எத்தனையோ பேர் இருப்பான். அவனுக்கு இந்தச் சுருளில் உள்ள இருபது சாமான்களை வாங்கிக் கொடுத்து, தகுந்த ஒருவரிடம் ஓராண்டு விட்டால், பிறர் கையை எதிர்பாராமல் ஹலாலாகப் பிழைப்பான். மலேசியாவில் திறன் சான்றிதழ் வகுப்புகளும், சிங்கப்பூரில் தொழிற்கல்விக் கழகமும் இருக்கின்றன. அவற்றையும் நாடலாம்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கருவிச் சுருள் ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் வாங்கி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம், பழுதடைந்த பழைய பிரிண்டர் ஒன்றை நடுவில் வைத்துப் பையன்களைக் கழற்றி மாட்டச் சொல்லலாம். கெட்டுப் போன மெஷினில் கற்பதால் யாருடைய அமானத்தும் கெடாது. அதற்கு முதல் மெஷினாக, நம் கடையில் புகைந்து போன அந்தப் பிரிண்டரையே தருகிறோம். தேய்ந்த திருகாணியையும் அதோடு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

அன்று உஸ்தாது நம்மைக் கேட்ட கேள்வியை, கடையில் ஆள் வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டும். வேலை கெட்டால் பையனை ஏசுவது சுலபம். அவன் கையில் என்ன கொடுத்தோம் என்பதை முதலில் பார்ப்போமாக. நம் கைகளின் வேலையில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.